பயமுறுத்தினால் எய்ட்ஸ் குறையுமா? ஒரு வரவு - செலவுக் கணக்கு



இந்த முறை நாம் பொதுவாக வாய் திறந்து பேசத் தயங்கும் ஒரு விஷயத்தை எடுத்திருக்கிறேன். ஒவ்வொரு டிசம்பர் 1-ம் தேதியும் உலக எய்ட்ஸ் தினம். எங்கள் கல்லூரியிலும் செஞ்சுருள் சங்கத்தின் சார்பில் ஊர்வலம் உண்டு. அதற்குத் தட்டி எழுதும்போது எங்களுக்குள் ஒரு வாக்குவாதம் வந்தது. "உயிர்க்கொல்லி நோய்னு பெரிசா எழுதுடா, அப்பத்தான் பசங்க பயப்படுவானுங்க" என்றான் ஒருவன். "பயந்தா டெஸ்ட் எடுக்கவே போகமாட்டாங்களே" என்றாள் இன்னொரு தோழி. இரண்டு பேர் சொல்வதும் சரி போலவே இருந்தது.

நான் பி.காம். மாணவன். மருத்துவம் எனக்குத் தெரியாது. ஆனால் விளம்பரம் பற்றி ஒரு தாள் படித்திருக்கிறேன், கணக்கும் கொஞ்சம் தெரியும். ஆகவே இந்தக் கேள்வியை ஒரு வணிகவியல் மாணவன் பார்ப்பது போலவே பார்க்கலாம் என்று தோன்றியது. பயம் என்ற முதலீட்டைப் போட்டால் என்ன வரவு வருகிறது, என்ன செலவாகிறது? இதற்குப் பதில் தேட வெளிநாட்டுக்குப் போக வேண்டியதில்லை. இந்தியாவில் எய்ட்ஸின் வரலாறு ஆரம்பித்ததே நம் சென்னையில்தான்.

1986: சென்னையில் ஆறு மாதிரிகள்

1980களின் தொடக்கத்தில் எய்ட்ஸ் என்றால் அது வெள்ளைக்காரர்களின் நோய், நம் பண்பாட்டுக்கு அது வராது என்பதுதான் இங்கே பொதுவான நினைப்பு. சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் பேராசிரியராக இருந்த டாக்டர் சுனிதி சாலமன் அப்படி நினைக்கவில்லை. தன் மாணவி செல்லப்பன் நிர்மலாவிடம், இங்கே பரிசோதித்துப் பார் என்று சொன்னார். நிர்மலா பாலியல் தொழிலாளர்கள் அடைக்கப்பட்டிருந்த காப்பகத்துக்குப் போய் இரத்த மாதிரிகள் எடுத்தார். 1986 பிப்ரவரியில் அந்த மாதிரிகளை வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்குக் கொண்டுபோய்ச் சோதித்தார்கள். அங்கே டாக்டர் ஜேக்கப் ஜானின் துறை உதவி செய்தது. ஆறு மாதிரிகளில் எச்.ஐ.வி. இருப்பது தெரிந்தது. இந்தியாவில் எச்.ஐ.வி. இருக்கிறது என்பதற்கு அதுதான் முதல் ஆதாரம்.

பிறகு அது சட்டமன்றத்திலும் அறிவிக்கப்பட்டது. நாடு முழுக்க அதிர்ச்சி! முதலில் பலர் நம்பவே இல்லை. நம்பிய பிறகு பயந்தார்கள். அந்தப் பயம் யார் மேல் போய் விழுந்தது என்பதுதான் இந்தக் கட்டுரையின் முக்கியமான செய்தி. அது வைரஸ் மேல் விழவில்லை. பரிசோதனைக்கு இரத்தம் கொடுத்த பெண்கள் மேல் விழுந்தது.

பயம் சட்டமான கதை

எச்.ஐ.வி. இருப்பதாகத் தெரிந்த பெண்கள், தண்டனைக் காலம் முடிந்த பிறகும் காப்பகத்திலேயே வைக்கப்பட்டார்கள். வெளியே விட்டால் நோயைப் பரப்பிவிடுவார்கள் என்பது காரணம். பத்திரிகையாளர் சியாமளா நடராஜ் இதை எதிர்த்துச் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார். 1990-ல்தான் அவர்களுக்கு விடுதலை கிடைத்தது. அவர்களிடம் வந்துபோன ஆண்களை யாரும் அடைத்து வைக்கவில்லை என்பதையும் கவனியுங்கள்.

கோவாவில் நடந்தது இன்னும் பெரிய கதை. டொமினிக் டிசோசா என்ற இளைஞர் அடிக்கடி இரத்ததானம் செய்பவர். 1989 பிப்ரவரியில் போலீஸ் அவரைப் பிடித்துக்கொண்டு போனது. அவர் செய்த குற்றம் ஒன்றுமில்லை, அவர் கொடுத்த இரத்தத்தில் எச்.ஐ.வி. இருந்தது, அவ்வளவுதான். கோவா பொது சுகாதாரச் சட்டத்தில் அப்படித் தனிமைப்படுத்த இடம் இருந்தது. 64 நாட்கள் அவரை ஒரு பழைய காசநோய் மருத்துவமனையில் தனியாக அடைத்து வைத்தார்கள். ஊர் மக்கள் ஊர்வலம் போனார்கள், தாய் நீதிமன்றம் போனார். வெளியே வந்த டொமினிக், எச்.ஐ.வி. உள்ளவர்களுக்காக உழைத்து 1992-ல் இறந்தார். 2005-ல் வந்த 'மை பிரதர் நிகில்' என்ற இந்திப் படத்துக்கு அவருடைய வாழ்க்கைதான் அடிப்படை.

அதே 1989-ல் நாடாளுமன்றத்திலும் எய்ட்ஸ் தடுப்பு மசோதா என்று ஒன்று கொண்டுவரப்பட்டது. கட்டாயப் பரிசோதனை, தனிமைப்படுத்தல் என்று அதே பயத்தின் மொழி. கடும் எதிர்ப்பு வந்ததால் பின்னர் திரும்பப் பெறப்பட்டது.

இதிலிருந்து ஒன்று புரிகிறது. பயத்தைக் கிளப்பிவிடுவது சுலபம். கிளம்பிய பயம் எந்தத் திசையில் போக வேண்டும் என்று சொல்லிக்கொடுக்காவிட்டால், அது பக்கத்தில் இருக்கும் பலவீனமான ஆள் மேல் போய் விழும்.

உலகம் எப்படிப் பயமுறுத்தியது?

1987-ல் இங்கிலாந்து அரசு ஒரு தொலைக்காட்சி விளம்பரம் வெளியிட்டது. எரிமலை வெடிக்கிறது, பாறையில் எய்ட்ஸ் என்று உளியால் செதுக்குகிறார்கள், அது ஒரு கல்லறைக் கல்லாகிறது. அறியாமையால் சாகாதீர்கள் என்பது செய்தி. ஆனால் அதோடு அவர்கள் நிற்கவில்லை. நாட்டில் உள்ள எல்லா வீட்டுக்கும், சுமார் 2 கோடியே 30 லட்சம் வீடுகளுக்கு, ஒரு துண்டுப் பிரசுரம் அனுப்பினார்கள். நோய் எப்படிப் பரவும், எப்படிப் பரவாது, ஆணுறை ஏன் என்று அதில் நேரடியாக எழுதியிருந்தது.

அதே ஆண்டு ஏப்ரலில் ஆஸ்திரேலியா இன்னொரு படி மேலே போனது. எலும்புக்கூடு முகத்தோடு, கையில் அரிவாளோடு எமன் மாதிரி ஒரு உருவம் பந்து உருட்டி விளையாடுகிறது. அது உருட்டும் பந்தில் கட்டைகளுக்குப் பதிலாக ஆண், பெண், குழந்தை என்று மனிதர்கள் விழுந்து சாகிறார்கள். இன்று வரை அந்த நாட்டில் மறக்க முடியாத விளம்பரம் என்றால் இதைத்தான் சொல்வார்கள். மக்கள் பயந்துபோய் சோதனைக்குக் குவிந்தார்கள். ஆனால் வந்தவர்களில் பெரும்பாலானவர்கள் ஆபத்து அதிகம் இல்லாதவர்கள். இன்னொரு பக்க விளைவும் இருந்தது. அந்த எமனைப் பார்த்த பலர், எய்ட்ஸ் நோயாளியைத்தான் எமன் என்று புரிந்துகொண்டார்கள். குறிப்பாக ஓரினச்சேர்க்கையாளர்கள் மேல் வெறுப்பு கூடியது. விளம்பரத்தோடு சம்பந்தப்பட்டவர்களே பிற்காலத்தில் இதை ஒப்புக்கொண்டார்கள்.

எதிர்ப்பக்க உதாரணமும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் கட்டுரை நியாயமாக இருக்காது. ஆப்பிரிக்காவில் உகாண்டா. 1986-ல் ஆட்சிக்கு வந்த முசெவேனி ஊர் ஊராக எய்ட்ஸ் பற்றிப் பேசினார். ஆபத்தை அறிவிக்கும் முரசு ஒலி, மண்டை ஓடு போட்ட சுவரொட்டி எல்லாம் அங்கே இருந்தன. 1990களின் தொடக்கத்தில் பெரியவர்களில் சுமார் 15 சதவீதமாக இருந்த தொற்று, 2000களின் தொடக்கத்தில் சுமார் 6 சதவீதமாக இறங்கியது. இதில் பயத்துக்கும் பங்கு உண்டு என்று வாதிட்ட ஆய்வாளர்கள் இருக்கிறார்கள். ஆனால் உகாண்டாவில் பயத்தோடு இன்னொன்றும் இருந்தது. ஃபிலி லுட்டாயா என்ற பிரபல பாடகர் 1989-ல் தனக்கு எய்ட்ஸ் இருப்பதை வெளிப்படையாகச் சொல்லி, சாகும் வரை பள்ளிகளுக்கும் தேவாலயங்களுக்கும் போய்ப் பேசினார். நோய்க்கு ஒரு மனித முகம் கிடைத்தது. மண்டை ஓட்டைப் பார்த்து வரும் பயம் வேறு, நமக்குப் பிடித்த பாடகர் மெலிந்துபோய் நம் முன்னால் நின்று பேசும்போது வரும் பயம் வேறு.

தாய்லாந்து மூன்றாவது வழி. அங்கே மெச்சாய் விரவைத்யா என்பவர் ஆணுறையைச் சிரிப்புப் பொருளாக மாற்றினார். ஆணுறை ஊதும் போட்டி, ஆணுறை பெயரில் உணவகம் என்று கூச்சத்தை உடைத்தார். அரசாங்கம் 1991 முதல் நாடு முழுவதும், பாலியல் தொழில் நடக்கும் இடங்களில் நூற்றுக்கு நூறு ஆணுறை என்று திட்டம் போட்டது. 1991-ல் ஆண்டுக்குச் சுமார் 1,43,000 ஆக இருந்த புதிய தொற்று, 2003-ல் சுமார் 19,000 ஆனது.

நம்ம ஊர் பயம்: உயிர்க்கொல்லி

தமிழில் எய்ட்ஸ் என்ற சொல்லுக்கு முன்னால் ஒரு அடைமொழி ஒட்டிக்கொண்டே வரும். உயிர்க்கொல்லி நோய், ஆட்கொல்லி நோய். பத்திரிகைச் செய்தியிலும், மேடைப் பேச்சிலும், பள்ளிக்கூடப் பேச்சுப் போட்டியிலும் இதே சொல்தான். ஆட்கொல்லி என்பது புலிக்குச் சொல்லும் வார்த்தை. ஆட்கொல்லிப் புலி ஊருக்குள் வந்துவிட்டது என்றால் என்ன செய்வோம்? கதவைச் சாத்துவோம், அல்லது கம்போடு கிளம்பி அடித்துக் கொல்வோம். புலியிடம் போய் யாரும் நலம் விசாரிக்க மாட்டார்கள். ஒரு நோய்க்கு அந்தப் பெயரை வைத்துவிட்டு, நோயாளியை மட்டும் அன்பாக நடத்துங்கள் என்று அடுத்த வரியில் எழுதினால் எப்படி எடுபடும்?

சினிமாவும் அதே வழிதான். 2007-ல் வந்த 'மிருகம்' படத்தில் முரட்டுத்தனமாகத் திரியும் கதாநாயகன் எய்ட்ஸ் வந்து உருக்குலைந்து போகிறான். விழிப்புணர்வுப் படம் என்றுதான் சொன்னார்கள். பார்த்தவர்கள் மனதில் தங்கியது, தப்பு செய்தவனுக்கு இந்தத் தண்டனை என்ற கணக்கு. தண்டனை என்று ஆகிவிட்டால், நோய் வந்தவர் எல்லோரும் குற்றவாளி ஆகிவிடுகிறார். கணவன் மூலம் நோய் வந்த மனைவியும், தாய் மூலம் வந்த குழந்தையும் அதில் சேர்ந்துவிடுகிறார்கள்.

பயத்தின் எண்களும் உண்டு. 2002-ல் அமெரிக்க உளவுத்துறை சார்ந்த ஒரு அறிக்கை, 2010-க்குள் இந்தியாவில் 2 கோடி முதல் 2.5 கோடிப் பேர் வரை எச்.ஐ.வி.யோடு இருப்பார்கள் என்று கணித்தது. பெரிய பரபரப்பு. ஆனால் 2007-ல் புதிய, விரிவான கணக்கெடுப்பு முறை வந்தபோது இந்தியாவின் மதிப்பீடு 50 லட்சத்துக்கு மேல் என்பதிலிருந்து சுமார் 25 லட்சமாகக் குறைக்கப்பட்டது. 2010-லும் அந்த 2 கோடி வரவில்லை. பெரிய எண் நிதி திரட்ட உதவியிருக்கலாம். ஆனால் எண் பொய்த்தால் அடுத்த முறை சொல்லும் உண்மையையும் நம்ப ஆள் இருக்காது.

புள்ளி ராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?

இதைச் சொல்லாமல் தமிழ்நாட்டில் எய்ட்ஸ் பிரசாரம் பற்றி எழுதவே முடியாது. 2000களின் முற்பகுதியில் தமிழ்நாடு முழுக்க இந்தக் கேள்வி திடீரென்று முளைத்தது. யார் இந்தப் புள்ளி ராஜா என்று டீக்கடையிலும் பஸ்ஸிலும் பேச்சு. நான் அப்போது பிறந்திருக்கவே இல்லை. ஆனாலும் எனக்கு இந்த வாசகம் தெரியும் என்றால் அதன் வலிமையைப் பார்த்துக்கொள்ளுங்கள்!

எங்கள் பாடத்தில் விளம்பரத்துக்கு நான்கு படி சொல்வார்கள். கவனம், ஆர்வம், ஆசை, செயல். புள்ளி ராஜா முதல் இரண்டு படிகளில் நூற்றுக்கு நூறு வாங்கிவிட்டார். அதில் எலும்புக்கூடும் இல்லை, மண்டை ஓடும் இல்லை என்பதே ஒரு நல்ல விஷயம். பயமுறுத்தாமலேயே ஊரைப் பேச வைக்கலாம் என்று காட்டியது. எல்லோரும் வாய்விட்டுச் சொல்லக் கூசிய ஒரு சொல்லைச் சின்னப் பிள்ளைகள் கூடச் சொல்ல ஆரம்பித்தார்கள்.

கடைசிப் படிக்கு வந்ததா என்று பார்க்க ஒரு சின்ன வேலை செய்தேன். எங்கள் தரங்கம்பாடியிலும் பொறையாரிலும் நாற்பது வயதுக்கு மேற்பட்ட தெரிந்தவர்கள் சிலரிடம் கேட்டேன். புள்ளி ராஜா ஞாபகம் இருக்கா? எல்லோருக்கும் ஞாபகம் இருந்தது, எல்லோரும் சிரித்தார்கள். சரி, அந்தக் கேள்விக்குப் பதில் என்ன சொன்னாங்க என்று கேட்டால், ஒருவருக்கும் சரியாக நினைவில்லை. எங்கள் தெருவில் ராஜா என்று ஒரு அண்ணன் இருக்கிறார். இன்றைக்கும் அவர் வயதுக்காரர்கள் அவரைப் புள்ளி என்றுதான் கூப்பிடுகிறார்கள். பெயர் நின்றது, பதில் நிற்கவில்லை. இது ஆராய்ச்சி இல்லை, நாலைந்து பேரிடம் கேட்டதுதான். ஆனாலும் யோசிக்க வைத்தது.

லாரி ஓட்டிய என் மாமா ஒருவர் வேறு மாதிரி சொன்னார். "போர்டப் பாத்து யாருப்பா பயந்தா? லோடு எறக்கிட்டு டீ குடிக்கிற எடத்துல ரெண்டு பேரு வந்து உக்காந்து பேசுவாங்க. எங்கள மாதிரியே வண்டி ஓட்டுனவங்க. ஆணுறைய எப்படிப் போடணும்னு கூச்சப்படாம காட்டுனாங்க. கையில ரெண்டு பாக்கெட் குடுத்தாங்க. அதான் மனசுல நின்னுச்சு." இந்த வாக்குமூலத்தை மனதில் வைத்துக்கொண்டு ஆராய்ச்சிகளுக்குப் போவோம்.

ஆராய்ச்சிகள் என்ன சொல்கின்றன?

பயம் பற்றிய ஆராய்ச்சி எய்ட்ஸுக்கு முன்பே தொடங்கிவிட்டது. 1953-ல் அமெரிக்காவில் ஜானிஸ், ஃபெஷ்பாக் என்ற இருவர் பள்ளி மாணவர்களுக்குப் பல் பராமரிப்பு பற்றிப் பாடம் எடுத்தார்கள். ஒரு குழுவுக்குச் சொத்தைப் பல், புண் என்று கொடூரமான படங்கள். இன்னொரு குழுவுக்கு நடுத்தரமான பயம். மூன்றாவதற்கு மிகக் குறைந்த பயம். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால், அதிகம் பயந்த குழுவில்தான் மிகக் குறைந்த மாற்றம், நிகரமாக 8 சதவீதம். குறைந்த பயக் குழுவில் 36 சதவீதம்!

1965-ல் யேல் பல்கலைக்கழகத்தில் லெவந்தால் என்பவரின் குழு டெட்டனஸ் ஊசி பற்றி ஒரு சோதனை செய்தது. மாணவர்களுக்கு டெட்டனஸ் பற்றிப் பிரசுரம் கொடுத்தார்கள். சிலருக்குக் கூடவே சுகாதார மையம் எங்கே இருக்கிறது என்ற வரைபடமும், எந்த நேரத்தில் போகலாம் என்று திட்டமிடும் வழியும் கொடுத்தார்கள். அவர்கள் எல்லோருக்கும் அந்த இடம் ஏற்கெனவே தெரியும் என்பதுதான் வேடிக்கை. முடிவு? பிரசுரத்தை மட்டும் படித்தவர்களில் 100-க்கு சுமார் 3 பேர் போய் ஊசி போட்டார்கள். வழியும் நேரமும் சொல்லப்பட்டவர்களில் சுமார் 28 பேர். பயத்தின் அளவைக் கூட்டியது இந்த எண்ணிக்கையைக் கூட்டவில்லை.

பிறகு 1992-ல் கிம் விட்டே என்ற ஆய்வாளர் இதை ஒரு கோட்பாடாகவே எழுதினார். சுருக்கமாகச் சொன்னால், ஆபத்து பெரிது என்று தோன்றும்போது மனிதன் அடுத்து ஒன்றைக் கேட்கிறான்: என்னால் இதிலிருந்து தப்பிக்க முடியுமா? முடியும் என்று தோன்றினால் செயலில் இறங்குவான். முடியாது என்று தோன்றினால் ஆபத்தை விட்டுவிட்டுப் பயத்தைக் கட்டுப்படுத்தப் பார்ப்பான். "எனக்கெல்லாம் வராது", "இதெல்லாம் சும்மா", "டிவியை மாத்து" என்பதெல்லாம் அந்த ரகம்தான்.

2007-ல் ஏர்ல், அல்பராசின் என்ற இருவர் எச்.ஐ.வி. தடுப்பு முயற்சிகளை மட்டும் தொகுத்துப் பார்த்தார்கள். பயமுறுத்தியபோது எனக்கும் வரலாம் என்ற எண்ணம் உடனே கூடியது, ஆனால் அறிவும் ஆணுறைப் பயன்பாடும் குறைந்தன. ஆலோசனையும் பரிசோதனையும் கொடுத்தபோது இரண்டும் கூடின. இதற்கு எதிராக 2015-ல் டானன்பாம் குழுவினர், எல்லாவிதமான பயப் பிரசாரங்களையும் சேர்த்து 127 ஆய்வுக் கட்டுரைகளைத் தொகுத்து, பயம் பொதுவாக வேலை செய்கிறது என்றே முடிவு சொன்னார்கள். ஆனால் அவர்களும் ஒன்றைச் சேர்த்துச் சொல்கிறார்கள். என்ன செய்யலாம், உன்னால் முடியும் என்ற செய்தியும் கூட இருந்தால் பலன் அதிகம்.

கடற்கரையில் இருப்பவர்களுக்குப் புரியும் கணக்கு

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இந்தக் கோட்பாட்டைப் புரியவைக்க கிம் விட்டே தேவையில்லை. 2004 டிசம்பர் 26 சுனாமியில் தரங்கம்பாடி என்ன பாடுபட்டது என்று எல்லோருக்கும் தெரியும். நான்கே நாட்களில், டிசம்பர் 30-ம் தேதி, மறுபடி சுனாமி வரலாம் என்று மத்திய அரசு தரப்பிலிருந்து ஒரு எச்சரிக்கை வந்தது. எங்கே போவது, எவ்வளவு தூரம் போவது, எப்போது திரும்புவது எதுவும் இல்லாத எச்சரிக்கை. கடலோரமே அலறி ஓடியது. நிவாரண வேலைகளும் நின்றன. அலை வரவில்லை. அந்த ஓட்டத்தைப் பற்றி வீட்டுப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள்.

2007-ல் ஐதராபாத்தில் சுனாமி முன்னெச்சரிக்கை மையம் வந்தது. 2012 ஏப்ரல் 11-ல் சுமத்ரா அருகே பெரிய நிலநடுக்கம் வந்தபோது எச்சரிக்கை வந்தது, மக்கள் மேடான இடத்துக்குப் போனார்கள், எச்சரிக்கை விலக்கப்பட்டதும் திரும்பினார்கள். பயம் அன்றும் இருந்தது. ஆனால் அந்தப் பயத்துக்கு ஒரு பாதை இருந்தது, ஒரு முடிவும் இருந்தது. எய்ட்ஸ் பிரசாரத்துக்கும் இதே விதிதான்.

தமிழ்நாட்டில் எப்படிக் குறைந்தது?

இப்போது முக்கியமான கேள்வி. 2006-ல் லான்செட் என்ற மருத்துவ இதழில் ராஜேஷ் குமார், பிரபாத் ஜா முதலியோரின் ஆய்வு ஒன்று வந்தது. தமிழ்நாடு உள்ளிட்ட தென்மாநிலங்களில் 15 முதல் 24 வயது வரையுள்ள பெண்களிடம் எச்.ஐ.வி. தொற்று 2000-ல் 1.7 சதவீதமாக இருந்தது, 2004-ல் 1.1 சதவீதமாகக் குறைந்தது என்று அது காட்டியது. மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் குறைவு. ஆண்கள் பாலியல் தொழிலாளர்களிடம் போவது குறைந்ததும் ஆணுறை கூடியதும் காரணமாக இருக்கலாம் என்றார்கள்.

இதற்குப் பின்னால் பல வேலைகள் இருந்தன.

1. அமைப்பு: 1992-ல் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு வந்தது. 1994-ல் தமிழ்நாடு மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டு சங்கம் தனிச் சங்கமாகப் பதிவானது. இந்த மாதிரியைப் பிற மாநிலங்களும் பின்பற்றின. கோப்பு நகரக் காத்திராமல் பணம் செலவழிக்க இது வழி செய்தது.

2. நேரடி வேலை: 1995 முதல் சென்னை அடையாறு வி.எச்.எஸ். மருத்துவமனை மூலம் நடந்த ஏபேக் திட்டம், தொண்டு நிறுவனங்களை வைத்து லாரி ஓட்டுநர்கள், பாலியல் தொழிலாளர்கள் என்று ஆபத்து அதிகமுள்ளவர்களிடம் நேரே போனது.

3. பாதுகாப்பான இரத்தம்: உச்ச நீதிமன்றத் தீர்ப்பின்படி 1998 முதல் பணத்துக்கு இரத்தம் விற்பது தடை செய்யப்பட்டது. இதற்கு எந்த சுவரொட்டியும் தேவைப்படவில்லை.

4. முகம் காட்டியவர்கள்: நாமக்கல் பகுதியைச் சேர்ந்த கௌசல்யா பெரியசாமி, லாரி ஓட்டுநரான கணவர் வழியாகத் தொற்று பெற்றவர். அதை மறைக்காமல் வெளியே சொல்லி, 1998-ல் மற்ற பெண்களோடு சேர்ந்து எச்.ஐ.வி. உள்ள பெண்களுக்கான கூட்டமைப்பைத் தொடங்கினார். குடும்பப் பெண்ணுக்கு வராது என்ற நம்பிக்கையை ஆயிரம் மண்டை ஓடுகளால் உடைத்திருக்க முடியாது. அவர் மேடையேறிப் பேசியது உடைத்தது.

5. மருந்து: 2004 ஏப்ரல் 1 முதல் அரசு மருத்துவமனைகளில் கூட்டு மருந்து சிகிச்சை இலவசமாகத் தொடங்கியது. தாம்பரம் சானடோரியம் மருத்துவமனை அதில் பெரிய பங்கு வகித்தது.

ஐந்தாவதுதான் எல்லாவற்றையும் மாற்றியது. 2011-ல் ஒன்பது நாடுகளில் 1,763 தம்பதிகளிடம் நடந்த ஒரு ஆய்வு, சீக்கிரமே மருந்து தொடங்கினால் துணைவருக்குப் பரவுவது 96 சதவீதம் குறைகிறது என்று காட்டியது. சுனிதி சாலமன் 1993-ல் தொடங்கிய சென்னை ஒய்.ஆர்.ஜி. கேர் நிறுவனமும் அந்த ஆய்வில் ஒரு மையம். ஒழுங்காக மருந்து சாப்பிட்டு, இரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்துவிட்டால், உடலுறவு மூலம் அடுத்தவருக்குப் பரவாது என்பது இன்று மருத்துவ உலகம் ஏற்றுக்கொண்ட உண்மை. 2017 முதல் இந்தியாவில் தொற்று தெரிந்த எல்லோருக்கும் உடனே மருந்து என்பது கொள்கை.

இப்போது யோசியுங்கள். ஒருவர் பரிசோதனைக்கு வந்து மருந்து எடுத்தால் அவரும் வாழ்வார், பரவலும் நிற்கும். ஆக, இன்றைக்கு மிக முக்கியமான தடுப்பு முறை ஒருவர் தைரியமாக பரிசோதனை மையத்தின் படியேறுவது. அவரைப் படியேற விடாமல் தடுப்பது எது? முப்பது வருஷமாக நாம் ஊட்டிய அதே பயம்!

நம் அரசு இதைப் புரிந்துகொண்ட ஒரு இடம் உண்டு. பரிசோதனை மையத்துக்கு இங்கே வைத்த பெயர் 'நம்பிக்கை மையம்'. பால்வினை நோய்ச் சிகிச்சை மையத்துக்கு 'சுகவாழ்வு மையம்'. உயிர்க்கொல்லியும் நம்பிக்கையும் ஒரே துறையின் வார்த்தைகள். ஒன்று தெருவில் விரட்டுகிறது, இன்னொன்று உள்ளே வா என்கிறது.

பயத்தின் பில்

2018 டிசம்பரில் விருதுநகர் மாவட்டம் சாத்தூரில் நடந்தது பலருக்கும் நினைவிருக்கும். அரசு மருத்துவமனையில் ஒரு கர்ப்பிணிக்கு எச்.ஐ.வி. தொற்றுள்ள இரத்தம் ஏற்றப்பட்டது. தமிழ்நாடே கொதித்தது, நியாயம்தான். ஆனால் இரத்தம் கொடுத்த இளைஞர் பற்றி எவ்வளவு பேர் யோசித்தோம்? நல்லது செய்ய நினைத்து இரத்தம் கொடுத்தவர். பிறகு வேறொரு பரிசோதனையில் தனக்குத் தொற்று இருப்பது தெரிந்ததும், தானாகவே போய்த் தகவல் சொன்னவர். அந்த மாத முடிவுக்குள் தற்கொலை செய்துகொண்டு இறந்துபோனார். அப்போது இலவச மருந்து வந்து பதினான்கு வருஷம் ஆகியிருந்தது. எச்.ஐ.வி. உள்ளவர்களின் உரிமைகளைக் காக்கும் 2017-ம் வருடச் சட்டம், அதே 2018 செப்டம்பரில்தான் அமலுக்கு வந்திருந்தது. சம்மதம் இல்லாமல் பரிசோதிக்கக் கூடாது, ஒருவரின் நிலையை வெளியே சொல்லக் கூடாது, வேலையிலும் பள்ளியிலும் மருத்துவமனையிலும் பாகுபாடு காட்டக் கூடாது என்று அந்தச் சட்டம் சொல்கிறது. மருந்தும் இருந்தது, சட்டமும் இருந்தது. வைரஸ் அவரைக் கொல்லவில்லை.

வரவு - செலவு

இப்போது கணக்கை முடிப்போம்.

வரவுப் பக்கம்: பயம் கவனத்தை ஈர்க்கிறது. பேசாத ஊரைப் பேச வைக்கிறது. அரசையும் நிதி கொடுப்பவர்களையும் அசைக்கிறது. மருந்தே இல்லாத 1980களில், எய்ட்ஸ் என்றால் மரணம் என்பது உண்மையாகவும் இருந்தது. அன்று பயமுறுத்தியவர்கள் பொய் சொல்லவில்லை.

செலவுப் பக்கம்: அடைத்து வைக்கப்பட்ட பெண்கள், 64 நாள் தனிமையில் இருந்த டொமினிக், ஊரை விட்டு ஒதுக்கப்பட்ட குடும்பங்கள், பரிசோதனைக்கு வராமல் தள்ளிப்போட்டவர்கள், சாத்தூர் இளைஞர்.

இந்தக் கணக்கில் ஒரு விசேஷம் உண்டு. வரவு உடனே தெரியும், சில மாதங்களில் கரைந்துவிடும். செலவு மெதுவாக வரும், பல வருஷம் வட்டியோடு வசூலாகும். பயம் போடுகிறவர் ஒருவர், பில் கட்டுகிறவர் வேறொருவர்.

அதற்காகப் பயமே வேண்டாம் என்றும் நான் சொல்ல மாட்டேன். என் வயதுப் பசங்களில் பலருக்கு எச்.ஐ.வி. ஒரு பழைய கதை. ஆபத்து இருக்கிறது என்று சொல்லத்தான் வேண்டும். இந்தியாவில் இன்றும் சுமார் 25 லட்சம் பேர் இதோடு வாழ்கிறார்கள், புதிய தொற்றும் வந்துகொண்டுதான் இருக்கிறது. ஆனால் ஆபத்தைச் சொல்கிற அதே மூச்சில் வழியையும் சொல்ல வேண்டும். ஆணுறை எங்கே கிடைக்கும், பரிசோதனை எங்கே இலவசம், முடிவு ரகசியமாக இருக்குமா, தொற்று இருந்தால் நாளைக்கு என்ன செய்வது என்பதெல்லாம் தட்டியில் இருக்க வேண்டும். ஆபத்து ஒரு வரி என்றால் வழி மூன்று வரி.

ஆகவே என் முடிவு இது. பயம் ஒரு மணி மாதிரி. மணி அடித்தால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். பார்த்தவர்களுக்குச் சொல்ல நம்மிடம் ஒன்றும் இல்லை என்றால் மணி அடிக்காமல் இருப்பதே மேல்.

படிப்பவர்கள் ஒன்று குறித்துக்கொள்ளுங்கள். எச்.ஐ.வி. பற்றி எந்தச் சந்தேகம் இருந்தாலும் 1097 என்ற இலவச எண்ணுக்குப் பேசலாம். பெயர் சொல்ல வேண்டிய அவசியமில்லை. அரசு மருத்துவமனையில் நம்பிக்கை மையம் எங்கே என்று கேட்டால் காட்டுவார்கள். பரிசோதனைக்குக் காசு கிடையாது. உங்கள் ஊரில் புள்ளி ராஜாவை நினைவு வைத்திருப்பவர்களிடம், அந்தக் கேள்விக்குப் பதில் தெரியுமா என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். தெரியாவிட்டால் நீங்களே சொல்லிவிடுங்கள்.